எக்கோ பொருத்துவது யார் வேலை?

திரேஸ்புரத்திலிருந்து பாம்பன் வரை மன்னார் வளைகுடாக் கரையில் தண்ணீரில் கட்டிக் கிடக்கும் ஃபைபர் படகுகளில், சிலவற்றின் பின்பலகையில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டி தெரியும். அது எக்கோ சவுண்டரின் உணரி. ஆழம் பார்க்கும் செராமிக் வட்டு அதற்குள் இருக்கிறது. சில வகைகளில் வேகம் பார்க்க ஒரு சின்னத் துடுப்புச் சக்கரமும் சேர்ந்திருக்கும். திரை, வயர், உணரி மூன்றும் ஒரே பெட்டியில் வருவதால், மாட்டுவதும் எலக்ட்ரானிக்ஸ் கடை வேலைதான் என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் நினைத்துவிடுகிறார்கள். நான்கு ஸ்க்ரூ முடுக்குவதற்குத் தனியாகக் கூலி எதற்கு என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது. கரையில் இந்த வேலையையும் இதைச் செய்கிறவர்களையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதற்கு நேர் எதிர். இது படகு வேலை. கருவி சரியாகச் சொல்லுமா என்பதைத் திரையின் விலை தீர்மானிப்பதில்லை; ஓடும் படகின் அடியை விட்டுத் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்த ஒருவர் அந்தக் கட்டியை எங்கே வைத்தார் என்பதுதான் தீர்மானிக்கிறது.

வட்டுக்கு மின்துடிப்பு கொடுத்தால் அது அதிர்கிறது. அந்த ஒலி கீழே போய்த் தரையில் பட்டுத் திரும்பி அதே வட்டை அதிரவைக்கிறது. போய்வந்த நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்வர நொடியின் ஆயிரத்தில் 27 பங்கு நேரம் போதும். 1948-ல் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் மீன் காட்டும் கருவியை வணிகமாகக் கொண்டுவந்த நாளிலிருந்து திரைகள் எவ்வளவோ மாறியிருக்கின்றன, இந்த அடிப்படை மாறவில்லை. இதன் ஒரே பெரிய எதிரி காற்று. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும். ஆகவே வட்டின் முகத்தில் நுரை படர்ந்தால் அதற்கு அப்பால் கடல் இருக்கிறதா இல்லையா என்றே கருவிக்குத் தெரியாது. இன்ஜினை நிறுத்தினால் ஆழம் ஒழுங்காகக் காட்டி, வேகம் எடுத்ததும் எண் மறைந்துபோனால், கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஆனால் நடப்பது என்னவென்றால், கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்பப் போகிறது, வேறொன்று வருகிறது, அதையும் அதே ஓட்டைகளில் மாட்டுகிறார்கள்.

சரி, எந்த இடம்? பின்னாலிருந்து பார்க்கையில் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுவதுதான் வழக்கம். அப்போது வலப்பக்கத்தில் இலைகள் கீழிறங்கும், இடப்பக்கத்தில் மேலேறும். ஏறுகிற பக்கத்தில் கலக்கல் அதிகம் என்பதால் உணரியை வலப்பக்கத்தில், இன்ஜினைத் திருப்பும்போது இலை தொட வாய்ப்பில்லாத தூரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். இவ்வளவையும் கைப்புத்தகமே சொல்லிவிடும். அது சொல்ல முடியாதது, இந்தக் குறிப்பிட்ட படகின் அடி. ஃபைபர் படகின் அடியில் நீளவாக்கில் வரிகள் இருக்கும், அடிபட்ட இடத்தில் ஃபைபர் மேட் வைத்து ஒட்டிய மேடுகள் இருக்கும், தண்ணீர் வெளியேறும் துளை இருக்கும். அவை ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் நுரைக்கோடு இழுக்கும். அந்தக் கோட்டில் உணரியை வைத்துவிட்டு வலப்பக்கம்தானே வைத்தோம் என்று சொல்லிப் பயனில்லை. இன்னொன்று, படகு கடலில் எப்படி உட்காரும் என்பது. கரையில் வெறும் படகாக நிற்கும்போது ரசமட்டம் வைத்து உணரியை நேராக மாட்டிவிடலாம். கடலுக்குப் போகையில் வலை, ஐஸ், எரிபொருள், ஆட்கள் எல்லாம் ஏறிய பின் பின்பக்கம் அமிழ்ந்து அணியம் தூக்கும். கரையில் நேராக இருந்த உணரி அங்கே சாய்ந்துவிடும். படகு கட்டுகிறவரும் செப்பனிடுகிறவரும் பாசி படிந்த கோட்டைப் பார்த்தே, அந்தப் படகு சுமையோடு எவ்வளவு அமிழ்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வட்டின் முகம் அடித்தளத்துக்குக் கீழே சில மில்லிமீட்டர் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலே போனால் நுரையில் மாட்டும், அதிகம் இறங்கினால் தண்ணீரை வாரியடிக்கும், மிதக்கும் கட்டையில் மோதும். மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்ய வேண்டிய இடத்தில், எதிலிருந்து அளப்பது என்று தெரிந்தவர்தான் அளக்க வேண்டும்.

ஓட்டை போடுவதற்கு வருவோம், ஏனென்றால் பெரிய சேதம் இங்கேதான். இன்ஜினைத் தாங்கும் பின்பலகை வெறும் ஃபைபர் அல்ல, பல படகுகளில் உள்ளே கனமான பிளைவுட் வைத்து இருபுறமும் மேட்டும் ரெசினும் போர்த்தியிருக்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே போடும் ஒவ்வொரு துளையும் அந்தப் பிளைவுட்டுக்குத் தண்ணீர் போகும் வழி. ஒரு ஸ்க்ரூ ஓட்டையில் சீலன்ட் சரியாக நிரம்பாவிட்டால் வெளியில் எதுவும் தெரியாது. உள்ளே பலகை ஊறி மெல்ல இற்றுப்போகும். இன்ஜினின் முழு உந்தலையும் அந்தப் பலகைதான் வாங்குகிறது. சில ஆயிரம் ரூபாய்க் கருவிக்காகப் படகின் பின்பக்கத்தையே பணயம் வைப்பதாக இது முடியும். இந்த வேலை தெரிந்தவர் முதலில் துளையின் வாயில் மேற்பூச்சான ஜெல்கோட்டை மட்டும் சற்று அகலமாகச் சரித்து எடுப்பார். இல்லாவிட்டால் ஸ்க்ரூ இறுகும்போது ஓட்டையைச் சுற்றி விரிசல் ஓடும். பிறகு துளை முழுவதும் கடலுக்கென்று வரும் சீலன்டை நிரப்பி, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவை இறக்குவார். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் பின்பலகையில் நிரந்தரமாகப் பிடித்துவிட்டு, உணரியை அந்தப் பலகையில் மாட்டுவது. இடம் சரியில்லையென்றால் பலகையில் வேறு ஓட்டை போட்டுக்கொள்ளலாம், படகில் போட வேண்டாம். காய் நறுக்கும் பலகைக்குப் பயன்படும் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது என்பதால், அதை நீர்மட்டத்துக்கு மேலே போல்ட் வைத்துத்தான் இறுக்க வேண்டும். ஓட்டைகளும் அப்படியே மேலே போய்விடும்.

கைப்புத்தகத்தைப் படித்து யார் வேண்டுமானாலும் மாட்டலாமே என்பார்கள். பாதி சரி. அந்தப் பாதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் படகு வேலைக்காரரின் கைப்பழக்கமே கருவிக்கு எமனாகும் இடங்களும் உண்டு. ரெசின் ஒட்டிய பிரஷ்ஷையும் கையையும் துடைக்க ஃபைபர் வேலை நடக்கும் இடத்தில் எப்போதும் அசிட்டோன் டப்பா இருக்கும். உணரியின் முகத்தில் பிசுக்கு பட்டால் அதே துணியால் ஒரு துடை துடைப்பது அவர்களுக்கு இயல்பு. பிளாஸ்டிக்கை அரிக்கும் கரைப்பான்களில் அசிட்டோன் முக்கியமானது. பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் பெயிண்டும் அப்படித்தான், உணரிக்கு நீரில் கரையும் வகை மட்டுமே ஆகும். வயர் நீளமாக இருக்கிறதென்று நறுக்கி ஒட்டுவது இன்னொரு பழக்கம். சாதாரண மின்வயரில் அது பரவாயில்லை, இந்த வயரில் கூடாது. இன்ஜின் வயரோடும் வி.எச்.எஃப். ரேடியோ வயரோடும் சேர்த்துக் கட்டினால் திரையில் கோடும் புள்ளியுமாக இரைச்சல் விழும். இவையெல்லாம் புத்தகத்தில் தெளிவாக இருக்கின்றன, தமிழில் இல்லை என்பதுதான் குறை. படகு தெரிந்தவருக்கு இந்த ஒரு பக்க விஷயத்தைக் கற்றுக்கொடுப்பது எளிது. கருவி தெரிந்தவருக்குப் படகைக் கற்றுக்கொடுக்க வருடங்கள் பிடிக்கும். என் வாதத்தின் எடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வேகச் சக்கரத்தைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் நியாயமானது. ஜி.பி.எஸ். வேகம் காட்டும்போது இந்தச் சக்கரம் எதற்கு? இரண்டும் காட்டுவது ஒன்றல்ல. ஜி.பி.எஸ். தரையைப் பொறுத்த வேகம் சொல்கிறது, சக்கரம் தண்ணீரைப் பொறுத்த வேகம் சொல்கிறது. இரண்டின் வித்தியாசத்தில் நீரோட்டம் இருக்கிறது. எதிர்நீரில் டீசலோ பெட்ரோலோ எவ்வளவு வீணாகிறது என்பதும், வலை எந்தப் பக்கம் இழுபடும் என்பதும் அதில் தெரியும். ஆனால் சக்கரத்தைச் சொன்னபடி நம்ப முடியாது, அதைக் கடலில் ஓட்டித் திருத்த வேண்டும். தெரிந்த தூரத்தைப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் ஓட்டி, இரண்டு வேகங்களின் சராசரியை எடுப்பார்கள். மொத்த நேரத்தை வைத்து வகுத்தால் கணக்கு பிசகும். தண்ணீரில் 6 நாட் ஓடும் படகு 1 நாட் நீரோட்டத்தில் ஒரு கடல் மைல் போய்த் திரும்பினால், போகும்போது 7, வரும்போது 5. சராசரி 6 சரியாக வருகிறது. நேரத்தால் வகுத்தால் 5.83 என்றுதான் வரும். இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய சக்கரம், கொட்டலசு ஒட்டினாலோ பாசி சுற்றினாலோ நின்றுவிடும். சுத்தம் செய்யப் பொறுமையில்லாதவர் சக்கரம் இல்லாத உணரியை வாங்குவதே மேல் என்பேன்.

கடலோடிகளுக்கு இது தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு இத்தனை பாகம் என்று அளந்து, குண்டில் ஒட்டி வரும் சேற்றையும் மணலையும் பார்த்து இடம் சொன்னவர்கள் அவர்கள். குமரிக் கடலோரத்தில் கணியம் என்று சொல்வார்கள், கரையின் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்து, பார் எனும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைப் பிடிக்கும் முறை. இந்த அறிவு கருவிக்கு மாற்றாகவும் வேண்டாம், போட்டியாகவும் வேண்டாம். கருவியைச் சோதிக்கும் ஆயுதமாகவே அதை வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் கருவியும் சற்றுப் பிசகும். நம் கடல் 28 டிகிரிச் சூட்டில் இருக்கும்போது ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் அளவில் ஓடும். கருவி 1,500 என்றே வைத்துக் கணக்கிட்டால் 20 மீட்டரை 19.5 என்று காட்டும். ஆழத்தைக் குறைத்துக் காட்டுவதால் ஆபத்தில்லை என்று விட்டுவிடலாம். விடக்கூடாத திருத்தம் வேறு. கருவி சொல்வது உணரிக்குக் கீழே உள்ள ஆழம். அவுட்போர்டு இன்ஜினின் கால் அதைவிடக் கீழே தொங்குகிறது. தீவுகளை ஒட்டிய பவளப்பாரில் 1 மீட்டர் தண்ணீர் இருப்பதாக நம்பிப் போனால் புரொப்பல்லருக்கு அதில் பாதிதான் மிஞ்சும். உணரியின் முகத்திலிருந்து காலின் அடிவரை அளந்து, அந்த வித்தியாசத்தைக் கழிக்கும்படி கருவியில் ஏற்றிவிட்டு, குண்டுக் கயிற்றை ஒருமுறை பக்கத்தில் விட்டுச் சரிபார்க்க வேண்டும். மாட்டுகிறவர் இதைச் செய்யாமல் போனால் வேலை முடியவில்லை என்றே அர்த்தம்.

ஒரு இடத்தில் என் வாதம் நிற்காது. மணலில் ஏற்றும் படகுகள். அலையடியில் பின்பக்கம் மோதி, டிராக்டர் கட்டி இழுபடும் படகில் பின்பலகை உணரி எந்தக் கைத்திறனாலும் தாங்காது. மோதினால் மேலே மடங்கிக்கொள்ளும் பிடி உண்டென்றாலும் அது மிதக்கும் கட்டைக்காக, மணல்மேட்டுக்காக அல்ல. அங்கே வட்டைப் படகின் உட்பக்கத்திலேயே ஒட்டி, ஃபைபர் வழியாக ஒலி அனுப்பும் முறைதான் சரி. சத்தத்தில் கொஞ்சம் போகும், சக்கரமும் இருக்காது. அதற்கும் அடிப்பகுதி எங்கே முழு ஃபைபர், எங்கே நடுவில் ஃபோம் வைத்தது என்று தெரிய வேண்டும், ஃபோமுக்குள் அடைபட்ட காற்று ஒலியை விழுங்கிவிடும். அதைத் தெரிந்தவர் யார் என்றால், மறுபடியும் அந்தப் படகைக் கட்டியவரோ செப்பனிட்டவரோதான்.

ஆகையால் கூலி. கருவியின் விலைக்குள் மாட்டுக்கூலியை ஒளித்துவைக்கும் வரை, மாட்டுகிறவர் அரை மணியில் முடித்துவிட்டு அடுத்த படகுக்கு ஓடத்தான் செய்வார். ஏற்கெனவே கடனில் ஓடும் தொழிலில் இன்னொரு செலவா என்று கேட்பது நியாயம். ஆனால் தவறாக மாட்டியதற்கு அந்தக் குடும்பம் பிறகு கொடுப்பது இதைவிட அதிகம்: கெடாத கருவிக்கு மாற்று, வீணான பயணம், கடைசியில் ஊறிய பின்பலகை. நான் சொல்லும் ஏற்பாடு இவ்வளவுதான். கூலியைத் தனியாகப் பேசட்டும். பாதியை மாட்டியதும், மீதியைச் சுமையோடு கடலில் ஓட்டி முழு வேகத்திலும் எண் மறையாமல் நிற்பதைப் படகுக்காரர் கண்ட பிறகும் கொடுக்கட்டும். எண் மறைந்தால் மாட்டியவரே கூடப் படகில் ஏறி, நுரை எங்கிருந்து வருகிறதென்று பார்த்து, உணரியை மாற்றி வைத்துக் கொடுக்க வேண்டும்.