லா ராம்பாவில் ஒரு மணி நேரம்

கியூபாவின் ஹவானாவில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. தொலைபேசி அலுவலக வாசலில் ஆளுக்கொரு நிழலில் நிற்பார்கள். புதிதாக வருபவர் “யார் கடைசி?” என்று உரக்கக் கேட்பார். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்குப் பின்னால் இவர். தள்ளுமுள்ளு இல்லாத அந்த ஒழுங்கின்மேல் எனக்கு உடனே மரியாதை வந்தது.

அது 2016. வீடுகளில் இணையம் அநேகமாகக் கிடையாது, கைப்பேசியிலும் இல்லை. முந்தைய ஆண்டுதான் அரசுத் தொலைபேசி நிறுவனமான எடெக்ஸா 35 பொது இடங்களில் வைஃபை திறந்திருந்தது. அதில் நுழைய, சுரண்டினால் எண் தெரியும் அட்டை வேண்டும்; ஒரு மணி நேரத்துக்கு 2 டாலர். அரசு ஊழியரின் சராசரி மாதச் சம்பளமே 30 டாலரை ஒட்டித்தான் இருந்தது.

அந்த வரிசையில் நின்று அட்டை வாங்கியதும், இரவில் வைஃபை இருந்த லா ராம்பா என்ற தெருவுக்குப் போனேன். நடைபாதை, படிக்கட்டு, மதில் எங்கும் திரை வெளிச்சம் விழுந்த முகங்கள். எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். வீட்டுக் கதையை இப்படியா தெருவில் கொட்டுவது என்று எரிச்சல் வந்தது.

பக்கத்தில் ஒரு பாட்டி, பேரனோடு. திரையில் மயாமியிலிருந்து மகள். இரண்டு நாள் சம்பளம் கொடுத்து வாங்கிய நேரமாயிற்றே, முக்கியமானதை மளமளவென்று பேசி முடிப்பார் என்று நினைத்தேன். அவர் பேசவே இல்லை. பேரன் கொப்பேலியா ஐஸ்கிரீம் தின்பதை மகளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். மோவாயில் வழிந்ததைத் துடைக்கப் போனபோது, “வேண்டாம், இருக்கட்டும்” என்பதுபோல் மகள் கையசைத்தாள். அவள் போய் ஏழு வருடம் என்று பாட்டி விரல்விட்டுக் காட்டினார். மயாமி இருக்கும் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் ஹவானாவிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற தூரம்.

சித்தப்பா மஸ்கட்டில் இருந்த நாட்களில், தொலைபேசியில் அவர் “இன்னிக்கு என்ன குழம்பு?” என்று கேட்டாலே எங்கள் ஆத்தா, “காசு ஓடுதுய்யா, வச்சிரு” என்பார். அதுதான் சிக்கனம் என்று நம்பி வளர்ந்தவன் நான். ஆத்தா பாவம், சித்தப்பாவுக்கு அந்தக் குழம்புதான் சேதி என்பது அவருக்குத் தெரியவில்லை.

அங்கிருந்தே அம்மாவை அழைத்தேன். ஊரில் விடியற்காலை. சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரித்தபின் வைக்கப் போனவரை நிறுத்தி, அடுப்படிக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகச் சொன்னேன். பால் பொங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கியூபாவில் 2018 டிசம்பரில் கைப்பேசியிலேயே இணையம் வந்துவிட்டது. நமக்கோ இப்போது மணிக்கணக்காகப் பேசினாலும் காசு ஓடுவதில்லை. வெளியூரில் இருப்பவர்களே, சேதி கேட்டதும் வைத்துவிடாதீர்கள். அடுப்படியைக் காட்டச் சொல்லுங்கள்.