யார் வீட்டுக்கு எதிரே யார்

ஒரு குடியிருப்பின் வரைபடம் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இரண்டைத்தான். இங்கே ஒரு பாட்டி எங்கே உட்காருவார்? பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? சதுர அடிக் கணக்கு, படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இரண்டு கேள்விகளும் எனக்குச் சகரியா தீர்க்கதரிசியிடமிருந்து வந்தவை. இடிந்துபோன எருசலேம் மறுபடி எழும்பும்போது எப்படி இருக்கும் என்று எட்டாம் அதிகாரத்தில் சொல்ல வருகிறவர், மதிலின் உயரத்தைச் சொல்லவில்லை. கைத்தடியோடு தெருவில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களைக் காட்டுகிறார், அதே தெருவில் விளையாடும் சிறுவர் சிறுமியரைக் காட்டுகிறார். கடவுள் அந்த நகரத்துக்குத் திரும்பிவிட்டார் என்பதற்கு அவர் தரும் அடையாளம் அது. நகர வடிவமைப்பாளருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது என்று நம்புகிறேன்.

சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயின. 2015 வெள்ளத்துக்குப் பின் இந்த இடமாற்றம் வேகமெடுத்தது. ஆற்றங்கரைக் குடிசையை அழகாக்கிப் பேச எனக்கு மனமில்லை. கழிவறை இல்லாத வாழ்க்கையில் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் இருந்தது. கீரை ஆய்ந்ததும், சண்டை போட்டதும், சமாதானம் ஆனதும் அந்த வாசலில்தான். பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களில் அந்த வாசலின் வேலையைச் செய்ய மிஞ்சியிருப்பது மாடி நடைபாதை மட்டுமே.

அதனால்தான் நடைபாதையின் அகலத்துக்காக இவ்வளவு வாதாடுகிறேன். நான்கு அடி இருந்தால் ஆள் நடக்கலாம். ஆறு அடி இருந்தால் ஓர் அம்மா சுவரோரம் உட்கார்ந்து பூக்கட்டுவார், தண்ணீர்க்குடத்தோடு வருகிறவர் அவரைத் தாண்டிப் போவார், போகிற போக்கில் ஒரு வார்த்தை பேசுவார். இரண்டு பக்கமும் வீடுகளை வைத்து நடுவில் இருட்டான பாதை விட்டால் செலவு குறையும். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் திறந்த வெளி என்று வைத்தால் வெளிச்சம் வரும். கீழே விளையாடும் பிள்ளையை மேலேயிருந்து அதட்டவும் முடியும். தெருவைப் பார்க்கும் கண்கள்தான் தெருவுக்குக் காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். நம் ஊர்த் திண்ணைகள் அந்தக் காவலை வெகுகாலமாகச் செய்துவந்தன. செலவைக் குறைக்கச் சொன்னால் வரைபடத்தில் முதலில் வெட்டுப்படுவது நடைபாதையின் அந்த இரண்டு அடிதான். அது யாருடைய வீட்டுக் கணக்கிலும் சேராத இடம், கேட்க ஆளில்லை.

அகலத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மறுகுடியமர்வில் வீடுகளைக் குலுக்கல் போட்டு ஒதுக்குவது வழக்கம். பாரபட்சம் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் இருபது வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களைச் சீட்டு எட்டுத் திசைக்கும் பிரித்துவிடுகிறது. வீட்டுவேலைக்குப் போகிற பெண் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போயிருப்பார். இப்போது அந்த அக்கா வேறொரு பிளாக்கில், ஆறாவது மாடியில். குழந்தைக்காக வேலையை விட வேண்டியதுதான். எந்த அகலமான நடைபாதையும் இதைச் சரிசெய்யாது.

நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கக் கேட்பது அரிது. முழுக்கப் பெயர்கள். எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலைக் கட்டியபோது எந்தப் பகுதியை யார் கட்டினார் என்ற பட்டியல். தட்டார் ஒருவர், தைலக்காரர் ஒருவர், மகள்களோடு வந்து வேலை செய்த சல்லூம் என்பவர். தோள்கொடுக்க மறுத்த தெக்கோவா ஊர்ப் பிரபுக்களையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியையே எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். 52 நாளில் வேலை முடிந்தது. அந்தப் பட்டியலே அந்தத் திட்டத்தின் மூல வரைபடம் என்பது என் வாசிப்பு. யார் வீட்டுக்கு எதிரே யார் என்று தெரிந்துகொண்டுதான் வேலையைப் பிரித்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலை அலுவலகக் காகிதமாக நினைக்காமல் வடிவமைப்பின் பாகமாக நினைக்க வேண்டும் என்று நான் கூட்டம்தோறும் சொல்வது அதனால்தான். தெரு தெருவாக ஒதுக்கலாம். சீட்டுப் போடத்தான் வேண்டுமென்றால் குடும்பத்துக்கு ஒன்றாகப் போடாமல், பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்த கூட்டத்துக்கு ஒன்றாகப் போடலாம். நியாயமும் கெடாது, அக்கம்பக்கமும் கெடாது.

சபைகளிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நகரத்தின் நடுவே மரநிழலோடு இடம் வைத்திருக்கும் ஆலயங்கள் பல, வார நாட்களில் இரும்புக் கேட்டைப் பூட்டிவைக்கின்றன. திருட்டுப் பயம் உண்மைதான், அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனாலும் வெளிப்படுத்தின விசேஷம் காட்டும் கடைசி நகரத்தின் பன்னிரண்டு வாசல்களும் அடைக்கப்படுவதில்லை. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரை இடுப்பளவுக்கு இறக்கி, வெளிப்பக்கம் உட்காரத் திட்டு கட்டினாலே போதும். அதைப் பெருக்குவது யார் என்று பாஸ்டரேட் கமிட்டி முடிவு செய்துகொள்ளட்டும்.

தெரு வாரியான ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினால் அதிகாரிகள் கேட்பது ஒரே கேள்வி: யார் யாருக்குப் பக்கத்து வீடு என்ற கணக்கு எங்களிடம் இல்லையே, யார் தருவார்கள்? கேள்வி நியாயமானது. அந்தக் கணக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் இருக்கிறது. வீடு வீடாக ஜெபத்துக்குப் போகும் பைபிள் உமன் அம்மாக்களிடம் இருக்கிறது. எந்தப் பாட்டிக்கு யார் கஞ்சி கொடுக்கிறார்கள் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். காலிசெய்யும் நாளுக்கு முன்பே, கிறிஸ்தவர் வீடு, மற்றவர் வீடு என்று பாராமல் அதை எழுதி, குடும்பங்களிடம் வாசித்துக்காட்டிச் சரிபார்த்து, அந்த அதிகாரிகளின் கையில் கொடுக்கச் சபைகள் முன்வர வேண்டும்.