மின்னலின் ஊடும் பாவும்

நுழையும்முன்

வானிலிருந்து முகிலைப் பார்ப்பது செயற்கைக்கோள். மண்ணிலிருந்து மின்னலைக் கேட்பது உணர்கருவி வலைப்பின்னல். இவ்விரண்டும் இணைந்து தரும் எச்சரிக்கை, வயலில் நிற்பவரைச் சென்றடைய வேண்டியதன் தேவையை உணர்த்துகிறது இக்கட்டுரை.

மேற்கே கறுக்கும் வானம்

சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது படவேடு. சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய அவ்வூர், இன்று ரேணுகாம்பாள் கோயிலாலும் வாழைத்தோட்டங்களாலும் அறியப்படுகிறது. வைகாசிப் பிற்பகலில் மலைமேல் முகில் திரண்டால், ஆரணி வட்டாரத்து நெசவாளர் தெருவில் நீட்டிய பட்டுப் பாவைச் சுருட்டுவர். ஆடு மேய்ப்போர் மந்தையை ஊர்ப்பக்கம் திருப்புவர். வாழைத்தோட்டத்தில் களையெடுக்கும் பெண்ணோ, இன்னும் இரண்டு வரிசைதானே என்று நிமிராமல் இருப்பாள். வேலை முடிந்தால்தான் அவளுக்குக் கூலி.

மின்னல் தோன்றியது முதல் இடியோசை கேட்கும்வரை எண்ணிப் பார்ப்பது பழைய வழக்கம். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். ஒன்பது நொடி என்றால் மூன்று கிலோமீட்டர். கணக்குச் சரியானதே. ஆயினும், இடியோசை கேட்கும் தொலைவில் நிற்பவரை அடுத்த மின்னலே தாக்கக்கூடும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 2,887 பேர் மின்னலால் உயிரிழந்தனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். எனவே, இடி முழங்கும் முன்பே செய்தி வந்தாக வேண்டும்.

விண்ணின் கண்

2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்தியாவைக் கண்காணிக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு முகில் உச்சியின் வெப்பநிலையை அது அளக்கிறது. முகில் உயர உயர அதன் உச்சி குளிர்கிறது. மிகக் குளிர்ந்த உச்சி, வளர்ந்த இடிமுகிலுக்கு அடையாளம்.

ஆனால் முதிர்ந்த இடிமுகிலின் உச்சி குடைபோல் நெடுந்தொலைவு விரிந்துவிடும். மேலிருந்து பார்க்கையில் அனைத்தும் ஒரே வெண்மை. அதன் கீழ் எவ்விடத்தில் மின்னல் பாய்கிறது, எவ்விடத்தில் வெறும் தூறல் விழுகிறது என்பதை உச்சியின் குளிர்ச்சி மட்டும் சொல்லிவிடாது. மேலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே இடிமுகில் முழுதாக வளர்ந்துவிடக்கூடும்.

மண்ணின் செவி

மழைக்காலத்தில் பழைய வானொலிப் பெட்டி ஒவ்வொரு மின்னலுக்கும் கரகரக்கும். மின்னல், ஒளியோடு வானொலி அலைகளையும் வெளியிடுவதே அதற்குக் காரணம். அந்தக் கரகரப்பையே அறிவியல் கருவியாக்கிக்கொண்டது. வெவ்வேறு ஊர்களில் நிறுவப்பட்ட உணர்கருவிகள், அலை வந்து சேரும் கணத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்கின்றன. அலை நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைகிறது. ஆகவே, ஒரு கருவியைவிட மற்றொன்று நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், அதை அலை அடையும் நேரம் நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு பிந்தும். பல கருவிகளின் இந்நேர வேறுபாடுகளை ஒப்பிட்டு, மின்னல் தோன்றிய இடத்தைக் கணக்கிடுகின்றனர்.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், நாடெங்கும் 80-க்கும் மேற்பட்ட உணர்கருவிகளைக் கொண்ட வலைப்பின்னலை உருவாக்கியுள்ளது. முகிலுக்குள்ளேயே பாயும் மின்னலையும் தரையில் இறங்கும் மின்னலையும் அது பிரித்தறிகிறது. முகிலுக்குள் பாயும் மின்னல்கள் பெரும்பாலும் முந்தித் தொடங்குகின்றன. அவை திடீரெனப் பெருகினால் முகில் சீற்றம் கொள்கிறது என்று பொருள்.

இரண்டும் இணையும் இடம்

பாவு மட்டும் இருந்தால் ஆடையாகாது. ஊடை மட்டும் இருந்தாலும் ஆகாது. செயற்கைக்கோள் படத்தின்மேல் மின்னல் புள்ளிகளை இட்டுப் பார்க்கும்போது, வெண்மையின் நடுவே உயிர்ப்புள்ள இடம் தனித்துத் தெரிகிறது. உணர்கருவிகளை ஊன்ற இடமில்லாத வங்கக் கடலின்மேல் செயற்கைக்கோள் கைகொடுக்கிறது. 2016-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் கோஸ்-16 மின்னலின் ஒளியையே விண்ணிலிருந்து பதிவு செய்தது. ஆயினும், ஒரு மின்னல் தரையைத் தொட்டதா என்பதை உறுதிசெய்யத் தரைக்கருவிகளின் துணை அதற்கும் வேண்டியிருந்தது.

வரப்பைக் கடக்கும் செய்தி

புனே நிறுவனத்தின் 'தாமினி' செயலி, ஒருவர் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் எல்லைகளுக்குள் நிகழும் மின்னலை அறிவிக்கிறது. தாமினி என்னும் சொல்லுக்கு மின்னல் என்றே பொருள். எனினும், களையெடுப்பவளின் கைப்பேசி வரப்பில் வைத்த தூக்குப்பாத்திரத்தோடு பையில் கிடக்கிறது. பலருக்குக் கைப்பேசியே இல்லை. ஆகவே, செய்தி கிடைத்தவர் அதனை உரக்கச் சொல்ல வேண்டும். வேலை தருபவர் கூலியைக் குறைக்காமல் அனுப்ப வேண்டும். மரத்தடியில் ஒதுங்காமல் உறுதியான கட்டடத்தினுள் புகுந்து, கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.

விண்ணும் மண்ணும் சேர்ந்து நெய்த எச்சரிக்கையின் கடைசி இழை மனிதக் குரல். ஆளில்லாத அந்த இரண்டு வரிசைக் களையை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.