டாஸ்க் ரத்தெண்டால் பயப்பிடாதேங்கோ

"அண்ணை, டாஸ்க் எல்லாம் கான்சல் எண்டு காட்டுது. லப்டொப் பிழைச்சிட்டுதோ?" குருநகர்ப் பெடியளிட்ட இருந்து அடிக்கடி வாற கேள்வி. சும்மா கிடக்கிற கணினி நேரத்தை ஆராய்ச்சிக்குக் குடுக்கிற பெர்க்லி பல்கலைக்கழக மென்பொருள் பொயிங்க் பற்றித்தான் கதை.

கனதரம் லப்டொப்பில பிழையே இல்லை. பொயிங்கில ஓடுற பல ஆராய்ச்சித் திட்டங்கள் ஒரே கணக்கை ரெண்டு மூண்டு பேருக்கு அனுப்பி, விடை ஒத்துப்போகுதோ எண்டு பாக்கும். போதுமான விடை வந்திட்டால், இன்னும் தொடங்காத பிரதியை சேர்வரே ரத்துச் செய்யும். உங்கட கரண்ட் மிச்சம்.

'டைம்ட் அவுட்' வேற கதை. அது கெடு தாண்டினது. 2022 மார்ச் கடைசியில இலங்கையில மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனதை மறந்திருக்க மாட்டியள். கரண்ட் போனால் கடைசிச் செக்பொயின்ரில இருந்துதான் வேலை திரும்பத் தொடங்கும். அப்பிடியான இடத்தில பத்து நாள் வேலையை இறக்கி வைக்கிறது, ஐஸ் இல்லாமல் மீன் வாங்கி அடுக்கிறது மாதிரி. செற்றிங்ஸில அரை நாளாக் குறையுங்கோ.

'கொம்பியூட்டேஷன் எரர்' எண்டால் மட்டும் சூட்டைப் பாருங்கோ. எங்கட வெக்கைக்கு சிபியூவைப் பாதியளவில ஓட விட்டாலே காணும்.

ஒவ்வொரு டாஸ்கின்ர நிலையும் திட்டத்தின்ர தளத்தில உங்கட கணக்குக்குள்ள பதிஞ்சிருக்கும். முதல்ல அதை வாசியுங்கோ. ஸ்குரூ டிரைவர் பிறகு.