நல்ல தண்ணிக் கிணறு

வேலணை,
ஆடி மாதம்

அன்புள்ள பத்மா,

மூன்று கிழமையாகக் காணி பார்த்துக்கொண்டு திரிகிறோம். வேலணையில் இவருடைய சின்னம்மா வீட்டில் தங்கி, காலையில் ஒரு ஆட்டோ பிடித்து, வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குள் வந்துவிடுவோம். இந்த முறை சோளகம் பலமாக வீசுகிறது. கரையோரத்தில் களங்கட்டித் தடிகள் காற்றுக்கு ஆடிக்கொண்டு நிற்கின்றன. நீயும் நானும் வெள்ளைச் சட்டையோடு பஸ் யன்னலில் முகம் வைத்துப் போன அதே வழி.

வெள்ளவத்தை மாடி வீட்டில் முப்பது வருடம் இருந்தாயிற்று. எங்கள் பழைய வளவு அக்காவின் சீதனமாகப் போனதும், அவளின் பிள்ளைகள் அதைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, முற்றத்தில் நல்ல தண்ணிக் கிணறு. இது கிடைத்தால் போதும் என்றுதான் வந்தோம்.

முதலில் நெடுந்தீவுக்குத்தான் போனோம். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தத் தீவில் ஒரு கண். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகத்துக்கு வள்ளம் எழும்பி விழுந்ததில் நான் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் இறங்கிய பிறகு அந்தக் கல்வேலிகளைப் பார்த்து நின்றுவிட்டேன் பத்மா. சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. பவளக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தே வளவுக்கு வளவு மதில். காற்று அந்த இடுக்குகளால் புகுந்து போகிறது, மதில் நிற்கிறது. அங்கேயே குந்திவிடலாம் என்று இவர் சொன்னார். நான்தான் மறுத்தேன். ஒரு மூட்டை சீமெந்தும் ஒரு கம்பியும் கடல் தாண்டித்தான் வரவேண்டும். இரவில் நெஞ்சு நோ வந்தால் நாங்களும் கடல் தாண்டித்தான் போகவேண்டும். அறுபது வயதுக்கு மேல் வீடு கட்டுகிறவர்கள் தரைவழி உள்ள தீவைத்தான் தேடவேண்டும். அனலைதீவையும் இதே காரணத்துக்காக விட்டுவிட்டோம். அதனால் கடைசியில் எங்கள் ஊரான புங்குடுதீவுக்கே திரும்பி வந்தோம்.

இங்கே காணிக்குப் பஞ்சமில்லை. மடத்துவெளியில் இருந்து இறுபிட்டி வரை வெறும் வளவுகள்தான். கொழும்பில் கடை நடத்திய காசில் கட்டிய பெரிய வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று வளர்ந்திருக்கிறது. ஒரு வீட்டின் குசினியில் அம்மியும் குழவியும் வைத்த இடத்திலேயே இருந்தன. முப்பது வருடத்துக்கு மேல் அதை ஒருவரும் தொடவில்லை. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு ஒரு காணியும் பார்க்க என்னால் முடியவில்லை.

காணி இருக்கிறது; விற்கிற ஆளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. தரகர் ஒருவர் ஒரு பொலித்தீன் பையில் இருந்து பழைய உறுதியை எடுத்து என் மடியில் வைத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. 'வரகு விதைப்பு பரப்பு நாலு' என்று தொடங்குகிறது. வரகு விதைப்பு என்றால் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். நெல் விதைப்பு என்றால் 12 குழிதான். எந்த விதைப்பு என்று பாராமல் விலை பேசினால் மூன்றில் ஒரு பங்கு நிலம் கடதாசியிலேயே போய்விடும். அப்பா இதைச் சொல்லித் தந்தபோது நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. இப்போது கை நடுங்க எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன்.

அதே உறுதியில் அந்த நிலம் வந்த வழியும் இருக்கிறது. முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா? தேசவழமைச் சட்டம் இந்த மூன்றையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த வழமை இன்றும் எங்கள் காணிகளை ஆள்கிறது. பங்காளிகள் உள்ள காணியில் ஒருவர் தன் பங்கை விற்பதென்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்கவேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முன்னுரிமையை உறுதி செய்திருக்கிறது. அந்த நாலு பரப்புக்கு ஒன்பது பங்காளிகள். பாரிஸ், சூரிச், ஸ்காபரோ, சிட்னி. எட்டுப் பேரிடம் அற்றோனித் தத்துவம் வாங்கியாயிற்று என்று தரகர் சொன்னார். ஒன்பதாவது ஆள் எங்கே என்று கேட்டேன். "1990க்குப் பிறகு ஒரு தொடர்பும் இல்லை அக்கா. அது பிரச்சினை வராது" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? காணாமல் போனவருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். பத்து வருடம் ஆண்டால் சொந்தமாகும் என்ற ஆட்சியுரிமைச் சட்டத்தையும் அவர் எடுத்து வைத்தார். ஆனால் யுத்தத்தால் தன் காணிக்காக வழக்காட முடியாமல் போனவருக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்க ஏலாது என்று 2016இல் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, ஓடிப்போனவனின் நிலத்தில் நான் அடுப்பு மூட்டமாட்டேன். எழும்பி வந்துவிட்டோம்.

கடலைப் பார்த்த காணி ஒன்றும் காட்டினார்கள். வடிவான இடம்தான். ஆனால் கரையில் இருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதென்றாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். பக்கத்தில் புதிதாய்க் கட்டிய ஒரு வீட்டின் சீலிங் வெடித்து, கறள் கம்பி வெளியே தெரிகிறது. எங்கள் பாட்டன்மார் கரையை விட்டு உள்ளே போய், சுண்ணாம்பும் பனஞ்சிலாகையும் கொண்டு ஏன் கட்டினார்கள் என்று அப்போது விளங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி சொன்னவர் நொத்தாரிசும் இல்லை, சேவயரும் இல்லை. பெருங்காட்டுப் பக்கம் ஒரு வேலியோரத்தில் ஆடு கட்டிக்கொண்டிருந்த ஆச்சி. நாங்கள் நூல் பிடித்து அளப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"பிள்ளை, முதல்ல தண்ணியக் குடிச்சுப் பாருங்கோ. காணியப் பிறகு பாக்கலாம்."

அவவே தன் கிணற்றில் வாளி விட்டு அள்ளித் தந்தா. நாக்கில் ஒரு மெல்லிய உவர். "மழை முடிஞ்ச கையோட எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான். ஆடி, ஆவணியிலதான் கிணத்தின்ர குணம் தெரியும். இதில பருப்பு அவியாது, சவுக்காரம் நுரைக்காது. குளிக்க மட்டும்தான். குடிக்கிறதுக்குப் பவுசர் வரோணும்" என்றா.

தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல் நீரின்மேல் மிதக்கிறது. நல்ல தண்ணி பாரம் குறைந்தது என்பதால்தான் அது மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி இருந்தால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடிக்கு உப்பு ஏறிவிடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஊறுகிற அளவுக்குத்தான் எடுக்க முடிந்தது. இன்று மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலத்தில் உறிஞ்சினால் கிணறு உவராகிவிடும். ஒருவர் பேராசைப்பட்டால் பக்கத்து நாலு வளவும் அனுபவிக்கும். அதனால்தான் எங்கள் உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் பிரித்துப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் காணி பார்ப்பதை விட்டுவிட்டுக் கிணறு பார்க்கத் தொடங்கினேன். பதினொரு கிணற்றில் வாளி விட்டோம். உவர் இல்லாதவை இரண்டுதான்.

அவற்றில் ஒன்றைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

இரண்டரைப் பரப்பு. வேலி முழுக்கப் பூவரசு, பின்பக்கம் ஒன்பது பனை, ஒரு வேம்பு. சொந்தக்காரர் ஒருவர்தான்; யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், தேடிய தேட்டம், வில்லங்கம் இல்லை. பதிவகத்தில் தேடிப் பார்த்தாயிற்று. ஆனால் வளவுக்குள் கிணறு இல்லை. 'கிழக்கில் உள்ள காணியில் அமைந்துள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்காலும்' என்று உறுதி சொல்கிறது. கிழக்கு எல்லையை வாசித்தேன். உன் அம்மாவின் பெயர் எழுதியிருந்தது, பத்மா.

உங்கள் வளவுக்குள் வேலியால் புகுந்து போனேன், குறை நினைக்காதே. வீட்டின் கூரை இல்லை. கிணற்றுக் கட்டு நல்லாய் இருக்கிறது. பொளிந்த கல், ஒன்றும் இடியவில்லை. துலாக்கால் ஒன்று நிற்கிறது. உள்ளே பாசி, காய்ந்த பனையோலை, ஒரு பிளாஸ்ரிக் கான். கயிறு கட்டி அள்ளினேன். நிறம் பழுப்பு, மணமும் சரியில்லை. ஆனால் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உவர் துளியும் இல்லை. இந்த ஆடி வெயிலிலும் இல்லை. ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவ முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தக் கிணத்திலதான் அந்தக் காலம் அரைவாசி வட்டாரமும் தண்ணி அள்ளினது" என்றா. நீயும் அதைச் சொல்லியிருக்கிறாய். பின்னேரத்தில் குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள் என்று.

நாலில் ஒரு பங்கு எனக்கு வரும். மற்ற முக்கால் உங்களுடையது. உன் தம்பிமார் இரண்டு பேரும் அம்மாவின் பங்கை இன்னும் பிரித்து எழுதவில்லை என்று நினைக்கிறேன். அதை எழுதி வையுங்கள். விற்பதற்காகக் கேட்கவில்லை. உயிரோடு இல்லாத ஒருவரின் பெயரில் காணி கிடந்தால், நாளைக்கு யாரோ ஒரு தரகர் அதையும் பையில் போட்டுக்கொண்டு வருவார்.

இப்போது என் அவசரம் வேறு. கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதற்குத் தண்ணி அடியில் கிடக்கும் இந்த மாதங்கள்தான் சரி. மழை தொடங்கினால் ஏலாது. இரண்டு ஆட்கள், ஒரு சின்ன வோட்டர் பம்ப், இரண்டு நாள் வேலை. செலவு என்னுடையது. நீங்கள் மூன்று பேரும் சம்மதம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினால், கிராம சேவகரிடம் காட்டிவிட்டு ஆவணியிலேயே தொடங்கிவிடுவேன். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் நான் காணிக்கு முற்பணம் கொடுப்பேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி