மலாக்காவுக்கு வெளியே ஒரு மலாக்கா

கடல் பார்க்கப் போவதென்றால் நம் தோட்டத்து மக்களுக்குப் பழகிய வழி ஒன்றுதான். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கு வருவோம். சாமி கும்பிட்டு முடிந்ததும் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் கிளேபாங் கடற்கரையில் இறங்குவோம். தேங்காய் ஷேக் ஆளுக்கொன்று குடித்துவிட்டு, காலை நனைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவோம். நீங்களும் அப்படித்தானே? நானும் 35 ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தேன்.

என் மனைவி பிறந்தது லிங்கி ஆற்றுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா இரவில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்து மேட்டுக்குப் போவாராம். தூரத்தில் கடலோரம் ஒரு வெளிச்சம் வரும், மறையும், மறுபடி வரும். "அது நம்ம மலாக்கா வெளக்கு, ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பாராம். போகவில்லை. பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "போனஸ் வரட்டும்" என்றேன். போனஸ் வந்தது, போயிற்று. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். சென்ற ஆண்டு அவளுடைய முழங்காலைப் பார்த்த மருத்துவர், அறுவை சிகிச்சைதான் வழி என்று நாள் குறித்துவிட்டார். விடியுமுன் எழுந்து நிரை நிரையாக மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால் அது. வேறென்ன ஆகும்!

அன்று இரவு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஏங்க, ஆபரேசனுக்கு முன்னாடி அந்த வெளக்கைப் பாத்துருவோம். அப்புறம் எப்படியோ."

மாசி மகம் முடிந்த மறுவாரம், மகன் விட்டுப்போன பழைய கஞ்சில் காரில் ஜாசின் பக்கமிருந்து கிளம்பினோம்.

கிளேபாங் தாண்டினால் சாலை கடலை ஒட்டியே வடக்கே ஓடுகிறது. பிரான்சு நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நம் கடற்படையினர் பயிற்சி பெற்ற கப்பலாம். அடுத்து வருவது தஞ்சோங் கிளிங். 'கிளிங்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு முகம் சுளிக்கும். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் அது என்பார்கள். வசையாக மாறியது பின்னால்தான். நம் முன்னோர் பாய்மரக் கப்பலில் வந்து வணிகம் செய்த காலத்தின் தடம் அந்தப் பெயர்ப்பலகையில் நிற்கிறது. ஹங் துவாவின் சமாதி என்று மக்கள் போற்றும் இடமும் இங்கேதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குழாய்களும் புகைபோக்கிகளும்தான் கண்ணில் படும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் பெங்காலான் பாலாக்கில் அவசியம் நில்லுங்கள். பாடாங் கெமுந்திங் என்ற இடத்தில் ஆமைக் காப்பகம் இருக்கிறது. அலகு கிளியின் மூக்குபோல் வளைந்த கடலாமைகள் இந்தக் கரைக்கு வந்து முட்டையிடுகின்றன. மனிதர் கையிலும் உடும்பு வாயிலும் சிக்காமல் முட்டைகளைச் சேகரித்து, மணலில் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள். தொட்டியில் நீந்திய குஞ்சுகளை என் மனைவி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயாக்கொட்டகையில் சில காலம் வேலை பார்த்தவள் அல்லவா, எதைப் பார்த்தாலும் எண்ணிக்கை எடுப்பாள்.

தஞ்சோங் பிடாராவில் பசியாறிவிட்டுக் கோலா லிங்கிக்குப் போனோம். ஆற்று முகத்தைப் பார்த்தபடி குன்றின்மேல் செம்பாறாங்கல் சுவர்கள் இடிந்து கிடக்கின்றன. 1750-களில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை. லிங்கி ஆற்றில் இறங்கி வரும் ஈய வணிகத்தைக் கண்காணிக்கவும், பூகிஸ்காரர்களைத் தடுக்கவும் கட்டினார்கள். மலாய்க்காரர்கள் இதைக் 'கோத்தா சுப்பாய்' என்கிறார்கள். சுப்பாய் என்றால் நம் 'சிப்பாய்'தான். டச்சுக்காரர் இட்ட பெயர் மக்கள் நாவில் நிற்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்து காவல் நின்றவன் பெயர் நின்றுவிட்டது.

கோலா லிங்கிப் பாலத்தைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். மலாக்கா முடிந்தது என்றுதான் நினைப்பீர்கள். பாசிர் பாஞ்சாங் வழியாகப் போர்ட்டிக்சன் பக்கம் மேலும் ஓட்டினால், தெலுக் கெமாங்குக்கு அருகில் காடு அடர்ந்த மலைமூக்கு ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தஞ்சோங் துவான். சுற்றிலும் நெகிரி செம்பிலான் நிலம், ஆனால் இந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. "ஏங்க, இதுவும் மலாக்காதானா? அப்பா சொன்னது சரிதான்!" என்றாள் அவள். அதுவரை அவள் அப்பாவின் பேச்சை நான் முழுதாக நம்பியதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நுழைவாயிலிலிருந்து மேலே தார்ச்சாலை போகிறது. காரை விடமாட்டார்கள், நடக்க வேண்டும். இளையவர்கள் அரை மணிக்குள் ஏறிவிடுவார்கள். நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம். பத்தடிக்கு ஒரு முறை நின்றாள். பாதி வழியில் சாலையோரத்தில் உட்கார்ந்து, "நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். நான் மட்டும் பார்த்து என்ன செய்ய? பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் குரங்கு ஒன்று என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டு கிளையில் ஏறிவிட்டது. அவள் விடியற்காலையில் சுட்ட தோசை! வாழை இலையைப் பிரித்துச் சட்டினியை முகர்ந்து அது மூஞ்சியைக் கோணியதைப் பார்த்து அவளுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்பிலேயே எழுந்து நடந்துவிட்டாள். நீங்கள் போனால் கையில் பை தொங்கவிடாதீர்கள். தண்ணீர் மறக்காதீர்கள். சிலிப்பரோடு ஏறாதீர்கள்.

மேலே வெள்ளைக் கோபுரம். 1863-இல் கட்டியது. 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் இங்கே விளக்கு வைத்திருந்தார்கள். முனைக்கு அவர்கள் இட்ட பெயருக்குப் 'பிளந்த முனை' என்று பொருள். கீழே பார்த்தால் பொருள் விளங்கும். பாறை பிளந்து நிற்க, அலை வெண்ணுரையாய் மோதுகிறது. 1606 ஆகஸ்டில் இந்த முனைக்கு எதிரே டச்சுக் கப்பல்களும் போர்த்துக்கீசியக் கப்பல்களும் மோதின. இரு பக்கமும் இரண்டிரண்டு கப்பல்கள் மூழ்கின. அவற்றில் நாசாவ் என்ற டச்சுக் கப்பலின் எச்சங்களை 1995-இல் கடலடியில் அகழ்ந்து எடுத்தார்கள். ஹங் துவாவின் காலடி என்று காட்டப்படும் பாறைக் குழியும் இந்த முனையில் இருக்கிறது. சமாதி தஞ்சோங் கிளிங்கில், காலடி இங்கே! கால் நீளமானவர்தான்.

கோபுரத்துக்குள் ஏற நமக்கு அனுமதி இல்லை. ஆனால் அன்று யாரும் கோபுரத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் வானத்தையே பார்த்தார்கள். எதிரே சுமத்ரா பக்கத்து ரூபாட் தீவு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். நீரிணை குறுகும் இடம் இது. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கே தாய்நாடு திரும்பும் வழி இதுதான். தரையிலிருந்து எழும் சூடான காற்றில் சிறகை விரித்தே மிதக்கும் பறவை அது. கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காது, சிறகடித்துத்தான் கடக்க வேண்டும். அதனால்தான் குறுகலான இடத்தைத் தேடி வருகிறது. மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது.

நண்பகலை ஒட்டி வந்தன. முதலில் கடல்மேல் கரும்புள்ளிகள். பிறகு மரத்தின் உச்சிக்கே தாழ்ந்து, இறகின் கோடு தெரியும்படி எங்கள் தலைக்கு மேலே. களைத்துப்போய் வருகின்றன என்பது பார்த்தாலே தெரிந்தது. மலைமேல் வந்ததும் சூடான காற்றுக் கிடைத்து, சுற்றிச் சுற்றி மேலேறிக் காட்டுக்கு அப்பால் போய்விட்டன. "நாப்பத்து ரெண்டு" என்றாள் அவள். எண்ணியிருக்கிறாள்!

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தே இறங்கினாள். வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் வியப்போடு பார்த்தான். அவளுக்குக் கவலையில்லை, கண் முழுக்க மேலே கோபுரத்தின்மேல் இருந்தது.

திரும்பும்போது பாசிர் பாஞ்சாங் கரையில், இருட்டும்வரை காரை நிறுத்தி வைத்தோம். வெளிச்சம் வந்தது, மறைந்தது. அவள் வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். கார்ச் சாவியைத் திருகப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க, இப்ப வரும் பாருங்க."