பாட்டியாரின் சர்க்கரை

நீரிழிவைப்பற்றி முதியோர் ஒன்றும் அறியார் என்று நம்மனோர் எளிதிற் கூறிவிடுகின்றனர். 72 பிராயத்தினரான என் பாட்டியார் அந்நோயோடு பல்லாண்டு பழகியவர். வெறும் வயிற்றில் எடுத்த அளவு 126ஐ எட்டின் நோயாம் என்றும், மூன்று திங்களின் நிலையைக் காட்டும் சோதனை ஒன்றுண்டு என்றும் எனக்குக் கற்பித்தவர் அவரே. மாம்பழத்தை முகர்ந்துவிட்டுப் பேரர்க்கு ஈயும் அவரது துறவு முனிவர்க்கும் அரிது!

நிற்க. சர்க்கரை மிகுதல் தீங்கென்று அறிந்த அவர், அது குறைதலும் தீங்கென்பதை அறிந்திலர். அவரிடம் 'இனிப்பை விலக்குக' என்றவர் பலர். இதனைக் கூறினார் எவருமிலர். நற்கருணை பெறுமளவும் உண்ணாதிருத்தல் அவர் வழக்கம். காலை மாத்திரையை மட்டும் தவறார். கிளிமெபிரைடு என்னும் அம்மாத்திரை உணவோடு உட்கொள்ளற்பாலது; கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரப்பிப்பது. வயிற்றில் உணவு உண்டோ இல்லையோ, அஃது அதனை நோக்காது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று ஆலயத்தினின்று மீண்டவர், உடல் வியர்த்து, கை நடுங்கி, என்னை என் தந்தையார் பெயரால் விளித்தார். சோதித்தோம், அளவு 52. எழுபதிற்குக் கீழிறங்கினாலே குறைவென்பர். சர்க்கரை கரைத்த நீரை நீட்டினேன்.

"எனக்கு இனிப்பு ஆகாதப்பா" என்று வாயை இறுக மூடிக்கொண்டார்.

அந்நேரத்தில் அதுவன்றோ மருந்து! ஏறக்குறைய 15 கிராம், அஃதாவது மூன்று சிறுகரண்டி, வேண்டும். அன்னையார் கெஞ்சியபின் பருகினார், கால்மணியில் தெளிந்தார்.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். முதியோர்க்குச் சர்க்கரையை மிக இறுக்கிப் பிடித்தல் தகாது என்றும், உண்ணாத வேளையில் அம்மாத்திரை ஆகாது என்றும் கூறினார். இப்பொழுது பாட்டியாரின் கைப்பையில், வேதாகமத்திற்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இடையே, ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கின்றது. நான் கேட்டாலும் தருவதில்லை.